உடைமையும் ஆட்சியும்: ஐரோப்பிய அரசியல் சிந்தனையில் ஒரு சொல்லின் பயணம்



இடைக்கால ஐரோப்பாவிலும் அதனை அடுத்த நூற்றாண்டுகளிலும் அரசியல் சிந்தனை வளர்ந்த வரலாறு நமக்குத் தரப்பட்டுள்ள பொருள். அதனை முழுமையாக ஒரு மணி நேரத்தில் சொல்ல முற்பட்டால் பெயர்ப் பட்டியலே மிஞ்சும். ஆகவே ஒரே ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு செல்ல விழைகிறோம். அச்சொல்லின் கதை ரோமாபுரியில் தொடங்குகிறது. ஆனால் அதன் மிக முக்கியமான திருப்பங்களுள் ஒன்று இத்தீவின் கீழைக் கடலில், ஜொகூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே நிகழ்ந்தது. எனவே இங்கிருந்தே தொடங்குவோம்.

1603ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் காலை. மக்காவ் நகரிலிருந்து மலாக்காவுக்குச் சென்றுகொண்டிருந்த 'சாந்தா காத்தரினா' என்னும் போர்த்துகீசியப் பெருங்கப்பல் இந்நீரில் நங்கூரமிட்டிருந்தது. சீனப் பட்டும் பீங்கானும் பிற பண்டங்களும் அதில் நிறைந்திருந்தன. நூற்றுக்கணக்கானோர் அதில் பயணம் செய்தனர். ஒல்லாந்து நாட்டுக் கப்பல் தலைவர் யாக்கோப் வான் ஹேம்ஸ்கெர்க், ஜொகூர் அரச குடும்பத்தாரின் ஆதரவோடு அதனைத் தாக்கினார். மாலைக்குள் கப்பல் பணிந்தது. உயிர்ப்பிச்சை பெற்றவர்கள் மலாக்காவுக்குப் போயினர். கப்பலும் சரக்கும் ஒல்லாந்தர் வசமாயின. ஆம்ஸ்டர்டாமில் அச்சரக்கு ஏலம் போனபோது கிடைத்த தொகை முப்பது இலட்சம் கில்டருக்கும் மேல்.

ஹேம்ஸ்கெர்க்கின் ஆணைப்பத்திரமோ தற்காப்புக்கும் நட்ட ஈட்டுக்கும் மட்டுமே படைவலியைப் பயன்படுத்த இடமளித்தது. வாணிகத்துக்குச் சென்ற ஒருவர் பிறர் கப்பலைப் பிடித்துப் பொருளைத் தமதாக்கிக் கொள்ளலாமா? 1604இல் ஆம்ஸ்டர்டாம் கடற்படை நீதிமன்றம் அது முறையான கொள்ளையே எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் ஐயம் தீரவில்லை. இத்தகைய செல்வம் அறத்துக்கு ஒவ்வாதது எனக் கும்பினியின் பங்குதாரர் சிலரே மனம் கூசினர் என்பர். அப்போது ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினி, தன் செயலுக்கு நியாயம் எழுதித் தருமாறு இளம் வழக்கறிஞர் ஒருவரை நாடியது. அவர் பெயர் ஹியூகோ குரோஷியஸ். அப்போது அவருக்கு வயது 21.

அவர் எழுதியதைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின், அவருக்கு முன் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஐரோப்பியர் ஒரு சொல்லைக் குறித்து நடத்திய வழக்கை நாம் அறிந்தாக வேண்டும்.

அச்சொல் 'டொமினியம்'. 'டொமினுஸ்' என்றால் தலைவன், உடையவன். டொமினியம் என்பது அவன் கையிலுள்ள உரிமை. இலத்தீனில் இச்சொல் இரு பொருள் தாங்கி நின்றது: ஒருவன் தன் நிலத்தின்மீது கொண்டிருக்கும் உடைமையும் அதுவே, ஒருவன் பிற மாந்தர்மீது செலுத்தும் ஆட்சியும் அதுவே. தமிழறிந்தார்க்கு இது வியப்பன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் சோழ மன்னனை 'உடையார் ஸ்ரீ ராஜராஜ தேவர்' என்றே குறிக்கின்றன. உடையவனே ஆள்பவன். 'இறை' என்னும் நம் சொல்லோ அரசனையும் கடவுளையும் வரியையும் ஒருசேரக் குறிக்கும். சொற்கள் இவ்வாறு ஒன்றுக்குள் ஒன்றாய்க் கிடக்கும்போது ஒரு கேள்வி எழுவதே அரிது: என்னை ஆள்பவன் என் பொருளுக்கும் உடையவனா?

ஐரோப்பாவில் அக்கேள்வியை எழுப்பியது மக்கள் கிளர்ச்சியன்று. போப்பாண்டவருக்கும் மன்னர்க்கும் இடையே மூண்ட பூசல். 1077இல் மன்னர் நான்காம் ஹென்றி கனோசாக் கோட்டை வாயிலில், பனியில் நின்று ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புக் கேட்ட காட்சியை மாணவர்கள் பாடநூலில் கண்டிருப்பீர்கள். அப்பூசல் முந்நூறு ஆண்டுகள் நீண்டது. இரு தரப்பினரும் படை திரட்டியதோடு, ரோமானியச் சட்டத்தையும் திருச்சபைச் சட்டத்தையும் கற்ற வல்லுநர்களையும் திரட்டினர். 1260 அளவில் மூர்பெக்க வில்லியம் அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலைக் கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்குக் கொணர்ந்தார். அரசு மனித இயல்பிலிருந்தே பிறக்கிறது எனக் கிறிஸ்துவுக்கு முற்பட்ட ஓர் ஆசிரியர் சொல்லியிருந்ததை அப்போது அவர்கள் படித்தனர். ஒரு மொழிபெயர்ப்பு ஒரு கண்டத்தின் சிந்தனையைத் திருப்பிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

இந்நூற்றாண்டில்தான் நம் வழக்குக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு வினா எழுந்தது: கிறிஸ்தவரல்லாதாருக்கு டொமினியம் உண்டா? 1243 முதல் 1254 வரை போப்பாக இருந்த நான்காம் இன்னசென்ட் பெரும் சட்ட அறிஞர். அவர் உண்டு என்றார். நிலமும் ஆட்சியும் எல்லா மனிதர்க்கும் பொதுவாகத் தரப்பட்டவை. சமயம் வேறுபட்டமையால் மட்டும் ஒருவரிடமிருந்து அவற்றைப் பறித்தல் ஆகாது என்பது அவர் முடிபு. ஆயினும் இயற்கை அறத்தை மீறுவோரைத் தண்டிக்கும் உரிமை போப்புக்கு உண்டு என ஒரு சிறு கதவை அவர் திறந்தே வைத்தார். அக்கதவின் வழியே பிற்காலத்தில் எத்தனை படைகள் நுழைந்தன என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. ஹோஸ்டியென்சிஸ் எனப் பெயர்பெற்ற கார்டினலோ மறுத்தார். கிறிஸ்துவின் வருகையோடு பிறசமயத்தாரின் ஆட்சியுரிமை அனைத்தும் நீங்கிற்று என்றார். தாமஸ் அக்குவினாஸ் இன்னசென்ட்டின் பக்கத்துக்கு ஓர் ஆழமான காரணம் தந்தார். ஆட்சி மனிதச் சட்டத்தால் அமைவது. சமய வேறுபாடு தெய்வச் சட்டத்தைச் சார்ந்தது. அருளால் வரும் சட்டம் அறிவால் வரும் சட்டத்தை அழிப்பதில்லை.

1302 அளவில் பாரிஸ் நகரத்து யோவான் என்னும் தொமினிக்கத் துறவி எழுதிய சிறு நூலை நாம் தனியே குறிப்பிட வேண்டும். வகுப்பறைகளில் இவர் பெயர் ஒலிப்பது குறைவு. அது குறையென்றே கருதுகிறோம். பிரெஞ்சு மன்னர் அழகர் பிலிப்புக்கும் போப் எட்டாம் பொனிபாஸுக்கும் நடந்த சண்டையின் நடுவே அவர் எழுதினார். சண்டையின் மூலம் வரி: திருச்சபைச் சொத்துக்கு மன்னர் வரி விதிக்கலாமா என்பதே. மன்னர் பக்கம் நின்று எழுதிய யோவான், மன்னர்க்கும் மகிழ்ச்சி தராத ஒன்றைச் சொல்லிவிட்டார். பொதுமக்களின் பொருள் அவரவர் தம் திறத்தாலும் உழைப்பாலும் முயற்சியாலும் ஈட்டியது. எனவே அதற்கு அவரவரே உண்மையான உடையவர். போப்பும் அதற்கு உடையவர் அல்லர்; மன்னரும் அல்லர். மன்னரிடம் இருப்பது வழக்கு வரும்போது தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மட்டுமே. உடைமை ஒருபுறமும் ஆட்சி மறுபுறமுமாக டொமினியம் பிளவுபட்டதை இங்கே மிகத் தெளிவாகக் காண்கிறோம். உழைப்பே உடைமைக்கு வேர் என்னும் கருத்தை ஜான் லாக் எழுதியதற்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு துறவி எழுதிவிட்டார்.

இக்கருத்துகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1414 முதல் 1418 வரை கான்ஸ்டன்ஸ் நகரில் நடந்த பொதுச்சங்கத்தில் இவை நேருக்கு நேர் மோதின. பாவத்தில் வாழ்பவனுக்கு உண்மையான டொமினியம் இல்லை என்ற ஆங்கிலேயர் விக்ளிஃபின் கொள்கை அங்கே கண்டிக்கப்பட்டது. அதே சங்கத்தில் கிராக்கோவ் கல்விக்கழகத் தலைவர் பவேல் வுவோட்கோவிச், ஜெர்மானியத் திருப்படைவீரர்களுக்கு எதிராக வழக்காடினார். பால்டிக் கரையில் வாழ்ந்த பிறசமயத்தாரின் நிலத்தை அவ்வீரர்கள் சமயத்தின் பெயரால் பறித்து வந்தனர். வுவோட்கோவிச் கையிலெடுத்த படைக்கலம் நான்காம் இன்னசென்ட்டின் பழைய உரையே. எளியோருக்காக வாதாடுபவன் வலியோரின் சட்டப் புத்தகத்தையே மேற்கோளாகக் கொள்ளும் உத்தியை இங்கே முதன்முறை காண்கிறோம். மீண்டும் காண்போம்.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழக்கு கடல் கடந்தது. 1493இல் போப் ஆறாம் அலெக்சாந்தர் புதிய நிலங்களை ஸ்பெயினுக்கு வழங்கினார். 1494இல் தோர்தெசில்லாஸ் உடன்படிக்கையால் ஸ்பெயினும் போர்த்துகலும் உலகைப் பங்கிட்டன. 1511இல் அல்புகெர்க்கு மலாக்காவைக் கைப்பற்றினார். 1513இல் ஸ்பானியர் ஓர் அறிக்கையை எழுதினர். அமெரிக்கக் கரையில் இறங்கும் படைத்தலைவன் அங்குள்ள மக்களுக்கு அதனை முதலில் படித்துக் காட்ட வேண்டும். உலக மாந்தர் அனைவர்க்கும் தலைவர் போப். அவர் இந்நிலத்தை எம் மன்னர்க்குத் தந்தார். ஏற்றால் நலம், மறுத்தால் போர், விளையும் கேட்டுக்கு நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். கேட்போர்க்கு ஒரு சொல்லும் புரியாத மொழியில் அது படிக்கப்பட்டது. மொழியைப் போற்றும் இவ்வவையில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

1539இல் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ டி விட்டோரியா என்னும் தொமினிக்கப் பேராசிரியர் ஒரு பொதுச் சொற்பொழிவில் இதனை எதிர்கொண்டார். அவர் தம் சொற்பொழிவுகளை அச்சிடவில்லை. நம் கைக்கு வந்துள்ளது மாணவர் எடுத்த குறிப்புகளின் வழி, அவர் மறைந்தபின் 1557இல் அச்சேறிய நூல். குறிப்பெடுக்கும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்ளலாம். ஸ்பானியர் வருமுன் அமெரிக்கப் பழங்குடியினர் தம் நிலத்துக்கு உண்மையான உடையவர்களாகவும் தம் மக்களுக்கு உண்மையான ஆட்சியாளர்களாகவும் இருந்தனர் என்றார் விட்டோரியா. பேரரசர் உலகின் தலைவர் அல்லர். போப்பும் உலகியல் வகையில் தலைவர் அல்லர். ஆகவே போப் தந்த கொடை செல்லாது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அவ்வாண்டு நவம்பரிலேயே மடத்தலைவருக்குக் கடிதம் எழுதி இத்தகைய பேச்சுகளை நிறுத்தச் சொன்னார்.

எனினும் விட்டோரியாவின் உரையில் இரண்டாம் பாதி ஒன்றுண்டு. எந்த நாட்டிலும் பயணம் செய்யவும் வாணிகம் செய்யவும் மனிதர்க்கு இயல்பான உரிமை உண்டு. அதனைத் தடுப்பது தீங்கு. தீங்கை எதிர்த்துப் போரிடலாம் என்றும் அவர் சொன்னார். முதற்பாதியில் கொடுத்ததை இரண்டாம் பாதியில் அவர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்பார் உண்டு. நாம் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த வாணிக உரிமை யார் கையில் படைக்கலமாகும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை என்பது தெளிவு.

இடையில் பிரெஞ்சு அறிஞர் ழான் போதன் 1576இல் வெளியிட்ட நூலையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சமயப் போர்களால் சிதைந்த நாட்டில் இருந்துகொண்டு, பிரிக்க முடியாத, எவர்க்கும் கட்டுப்படாத முதல்நிலை அதிகாரம் ஒன்று எந்த அரசுக்கும் தேவை என அவர் வாதிட்டார். இன்று நாம் இறைமை என்கிறோம். அத்தகைய மன்னனும் குடிகளின் பொருளை அவர் இசைவின்றி எடுத்தலாகாது என்பதையும் அவரே எழுதினார். அவ்வாண்டே புளுவா நகரில் கூடிய பேரவையில் மன்னரின் நிதிக் கோரிக்கைகளை எதிர்த்து நின்று அரசவையின் ஆதரவை இழந்தார். ஆட்சியை எவ்வளவு உயர்த்தினாலும் உடைமை தனியே நிற்கும் என்னும் பாரிஸ் யோவானின் பிளவு அவரிடத்தும் உயிரோடிருந்தது.

இனிக் குரோஷியஸிடம் வருவோம். அவருடைய நாட்டார் 1581இல்தான் தம் மன்னர் இரண்டாம் பிலிப்பு கொடுங்கோலராகி ஆட்சியுரிமை இழந்தார் என அறிவித்துப் பிரிந்தவர்கள். 1604 முதல் 1606 வரை அவர் எழுதிக் குவித்த பெருநூல் 'போர்க்கொள்ளைச் சட்டம்' பற்றியது. அதில் ஓர் இயலை மட்டும் 1609இல், ஸ்பெயினோடு பன்னிரண்டு ஆண்டு ஓய்வு உடன்படிக்கை பேசப்பட்ட காலத்தில், ஆசிரியர் பெயரின்றி வெளியிட்டனர். 'சுதந்திரக் கடல்' என்னும் பொருள்படும் 'மாரே லிபெரும்' அதுவே.

அதன் வாதம் இன்று எளிதாகத் தோன்றும். உடைமை என்பது பற்றி வைத்துக்கொள்ளக் கூடியவற்றுக்கே பொருந்தும். கடலை வேலியிட முடியாது. ஒருவர் கப்பல் செலுத்துவதால் மற்றவர்க்குக் கடல் குறைவதில்லை. எனவே அது எவர்க்கும் உடைமையாகாது. கீழைத் தீவுகளோ எனின், அவற்றுக்குத் தத்தம் மன்னரும் சட்டமும் ஆட்சியும் தொன்றுதொட்டு உண்டு; போர்த்துகீசியர் அவற்றுக்கு உடையவர் அல்லர்; போப் தமக்கு உரிமையில்லாததைத் தானம் செய்ய இயலாது. இவ்வாறு எழுதும்போது புரொட்டஸ்டன்ட் சமயத்தவரான குரோஷியஸ் பக்கத்துக்குப் பக்கம் மேற்கோள் காட்டுவது ஸ்பானியக் கத்தோலிக்கரான விட்டோரியாவையே. பகைவன் வீட்டு ஏணியைக் கொண்டே அவன் மதிலில் ஏறினார்.

அச்சேறாத இயல்கள் இன்னும் துணிவானவை. நீதிமன்றம் எதுவும் இல்லாத நடுக்கடலில் தீங்கு செய்தவனைத் தண்டிக்கும் உரிமை தனிமனிதனுக்கும் உண்டு என அங்கே எழுதினார். அரசிடம் உள்ள தண்டனை அதிகாரமே முதலில் தனிமனிதரிடம் இருந்து, பின் அவர்களால் அரசுக்குத் தரப்பட்டது என்றார். இது கும்பினியின் தலைவனைக் காப்பதற்காக எழுதிய வாதம். ஆனால் மனிதர்க்கு முதலில் இல்லாத எவ்வுரிமையும் அரசுக்கு இல்லை என்னும் கருத்து அதற்குள் இருக்கிறது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் லாக், இதே கருத்தைச் சிலர்க்கு விந்தையாகத் தோன்றும் கொள்கை எனத் தாமே முன்னுரைத்து முன்வைத்தார். குரோஷியஸின் கையெழுத்துப்படியை அவர் கண்டிருக்க வழியில்லை.

இனி, இக்கதையின் கசப்பான பகுதி. கடல் எல்லார்க்கும் பொது என்று கூறிய கும்பினி, மலுக்குத் தீவுகளின் நறுமணப் பொருள் தனக்கு மட்டுமே என்றது. 1613இல் லண்டனிலும் 1615இல் தி ஹேக்கிலும் ஆங்கிலேயரோடு நடந்த பேச்சுகளில் ஒல்லாந்தர் தூதுக்குழுவில் குரோஷியஸ் இருந்தார். எங்களையும் அங்கே வாணிகம் செய்ய விடுங்கள் எனக் கேட்ட ஆங்கிலேயர், துணைக்கு எடுத்துக்காட்டியது 'மாரே லிபெரும்' நூலை. அதன் ஆசிரியர் எதிரிலேயே அமர்ந்திருந்தார். அவர் தந்த மறுமொழி ஒப்பந்தம் என்பதே: தீவு மக்களும் தலைவர்களும் எமக்கே விற்பதாக இசைந்து கையொப்பமிட்டுள்ளனர், கொடுத்த வாக்கைக் காத்தல் இயற்கை அறம்.

இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அத்தீவினர் தம் நிலத்துக்கும் பொருளுக்கும் உடையவர் என இன்னசென்ட் முதல் விட்டோரியா வரை வாதிட்டவர்கள் நிலைநாட்டிவிட்டனர். உடையவரே விற்க முடியும். உடையவரே கட்டுப்பட முடியும். உரிமையற்றவரென ஒதுக்கப்பட்டிருந்தால் அவர்களோடு ஒப்பந்தத்துக்கே இடமில்லை. அவர்களைக் காக்கப் பிறந்த ஏற்பே அவர்கள் கழுத்தில் பூட்டிய கயிற்றின் முதல் இழையாயிற்று. பந்தாத் தீவினர் ஒப்பந்தத்தை மீறிப் பிறர்க்கும் சாதிக்காய் விற்றனர் என்பது குற்றச்சாட்டு. 1621இல் கும்பினியின் ஆளுநர் யான் பீட்டர்ஸ்சோன் கூன் படையோடு அங்கே இறங்கினார். கொலையாலும் பட்டினியாலும் நாடுகடத்தலாலும் அத்தீவுகளின் மக்களுள் பெரும்பகுதியினர் அழிந்தனர். ஒப்பந்தத்தை எந்நிலையில், எம்மொழியில், எத்தனை பீரங்கிகளின் முன் எழுதினர் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதே 1621ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், உள்நாட்டுச் சமய அரசியலில் தோற்று ஆயுட்சிறையில் கிடந்த குரோஷியஸ், லூவஸ்டைன் கோட்டையிலிருந்து ஒரு புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். பெட்டியை அனுப்பியவர் அவர் மனைவி. பாரிஸில் அகதியாக இருந்தபடி 1625இல் 'போரும் அமைதியும் பற்றிய சட்டம்' என்னும் நூலை வெளியிட்டார். ஒரு மனிதன் தன்னை அடிமையாக விற்கலாமெனின், ஒரு மக்கட்கூட்டமும் தன்னை ஒரு மன்னனிடம் முழுமையாக ஒப்படைத்துவிடலாம் என அதில் எழுதினார். மலுக்குத் தீவுகளுக்காகப் பயன்பட்ட வாதமே இப்போது ஐரோப்பிய மக்களுக்கும் பொருந்தியது. ரூஸோ 1762இல் கடுஞ்சினத்தோடு சாடியது இப்பகுதியையே.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்வோம். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைக் கண்ட தாமஸ் ஹாப்ஸ் 1651இல், அரசுக்கு முன் 'என்னது', 'உன்னது' என்பதே இல்லை என்று பிளவை மீண்டும் மூடினார். ராபர்ட் ஃபில்மரின் நூலோ, அவர் மறைந்தபின் 1680இல் வெளிவந்து, ஆதாமுக்குக் கடவுள் தந்த டொமினியத்தில் உடைமையும் ஆட்சியும் ஒன்றே என்றது. மன்னர்கள் அதன் வாரிசுகளாம். லாக் 1689இல் வெளியிட்ட இரு நூல்களுள் முதலாவது முழுவதும் இவ்வொன்றை மறுப்பதற்கே செலவாயிற்று. மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் படித்துவிட்டுப் போகின்றனர். முதலாவது சலிப்பூட்டுவது உண்மையே. ஆயினும் உடைமை வேறு, ஆட்சி வேறு, ஆட்சி நம்பி ஒப்படைக்கப்பட்டது என்னும் அவர் முடிபு எந்த எதிரியை நோக்கி எழுந்தது என்பதை அங்கேதான் காண முடியும். அதே லாக், உழுது பயிரிடாத அமெரிக்க நிலம் எவர்க்கும் உரியதன்று எனக் கருத இடம் தந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. விட்டோரியா திறந்து வைத்த இரண்டாம் பாதி அவரிடத்தும் இருந்தது.

ஜொகூர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். குரோஷியஸின் பெருநூலில், கடலைப் பற்றிய இயலை அடுத்து வரும் இயலில், ஜொகூர் அரசர் இறைமையுடைய மன்னராகவே வருகிறார். அவருக்குப் போர்த்துகீசியரோடு போர் செய்யும் முழு உரிமை உண்டு. ஒல்லாந்தர் அவருடைய நேசப்படையினர். ஆகவே கப்பலைப் பிடித்தது அவர் தரப்பிலும் நியாயம் என்பது அங்குள்ள வாதம். அவ்வியல் அச்சேறவில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் 'மாரே லிபெரும்' நூலை, எந்த ஊருக்கும் சேராத தத்துவ நூலாகப் படித்து வந்தது. 1641இல் ஜொகூரின் துணையோடு ஒல்லாந்தர் மலாக்காவைப் பிடித்தபோதும் அப்படித்தான். 1864இல் குரோஷியஸின் குடும்பத்தார் வசமிருந்த தாள்கள் தி ஹேக் நகரில் ஏலத்துக்கு வந்தன. லைடன் பல்கலைக்கழகம் ஒரு கட்டுக் கையெழுத்துப்படியை வாங்கியது. பிரித்துப் பார்த்தபோது, புகழ்பெற்ற அச்சிறுநூல் அதன் பன்னிரண்டாம் இயலாக இருந்தது. 1868இல் முழுநூலும் அச்சாகி, சாந்தா காத்தரினாவும் ஜொகூர் அரசரும் அரசியல் சிந்தனை வரலாற்றுக்குள் வந்தனர். அக்கையெழுத்துப்படி இன்றும் லைடன் நூலகத்தில் இருக்கிறது.